கையெழுத்துக்கு முன்னால்

காலனி, தாடிக்கொம்பு அருகில்
10 டிசம்பர் 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரே தெருவில் ஆறு வீடு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நேற்று மாலையிலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லை. வாசலுக்கு வந்தபோது கதவைச் சாத்திவிட்டீர்கள். அதனால் இதைக் குழாயடியில் மதினி கையில் கொடுக்கிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை பட்டியலினப் பெண்களுக்கு என்று அறிவித்ததும் காலனியே என் வீட்டு வாசலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாருக்கும் முன்னால் நின்று, "எங்க காலனியில டிகிரி முடிச்ச ஒரே பொம்பள என் தங்கச்சிதான், அவதான் நிக்கிறா" என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நான் சரி என்று தலையாட்டியது பொய் இல்லை. நிற்க ஆசைப்பட்டுத்தான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை ஒன்றிய அலுவலகத்தில் மனுவோடு சேர்க்க வேண்டிய சாதிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோதுதான் கை நின்றுவிட்டது; கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். பவித்ரா, இந்து ஆதிதிராவிடர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்துப் பிரிஸ்கில்லா ஆனவள் நான். ஆற்றில் தண்ணீர் இல்லாமல் ஒரு தோட்டத்துத் தொட்டியில்தான் கொடுத்தார்கள். அம்மா அழுதுகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். நம் வீட்டிலிருந்து நீங்கள் மட்டும் வந்து ஓரமாக நின்றீர்கள். "எனக்கு இதுல நம்பிக்க இல்ல, ஆனா நீ தனியாப் போகக்கூடாதுல்ல" என்றீர்கள். அதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

கிறிஸ்தவளாக வாழ்கிறவள் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு இந்தப் பதவிக்கு நிற்க முடியாது. சட்டம் அப்படி. அது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். சபைக்குப் போகிறேன் என்பதற்காக மேலத்தெருவில் யாரும் எனக்குத் தனி டம்ளரில் தருவதை நிறுத்தவில்லை. ஆனால் சட்டத்தோடு சண்டை போடுவது வேறு, அதன் கீழே பொய்க் கையெழுத்துப் போடுவது வேறு. நான் இந்து என்று எழுதிக் கொடுத்தால், தொட்டியில் இறங்கி எல்லாருக்கும் முன்னால் சொன்னது என்ன ஆகும்?

அண்ணா, மதினியை நிறுத்துங்கள். கண்ணம்மாள் மதினிக்கு எட்டாம் வகுப்பு வரை படிப்பு இருக்கிறது, நல்ல புத்தி இருக்கிறது. நோட்டீஸ் எழுதுவது, வீடு வீடாகப் போவது எல்லாம் நான் செய்கிறேன்.

உங்கள் தங்கை,
பிரிஸ்கில்லா


12 டிசம்பர் 2019

பவித்ராவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. கிழிக்கவும் இல்லை, உன் மதினி பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

இருபது பேர் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாய். மேலத்தோட்டத்துக்காரர் டீக்கடையில் உட்கார்ந்து சிரிக்கிறார். "என்ன கண்ணுசாமி, ஒன் தங்கச்சிக்கு சாமி உத்தரவு கொடுக்கலையாமே" என்கிறார். அவர் தோட்டத்தில் களை எடுக்கிற அங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு போய் மனுப் போட வைத்துவிட்டார். அந்த அம்மா ஜெயித்தால் பதவி நம்முடையது, ஆட்சி அவருடையது. நமக்குத் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தரம் வருவது வாரத்துக்கு ஒரு தரம் ஆகும். இது தெரியாதவள் இல்லை நீ.

அந்தப் பேப்பரைக் காட்டித்தானே காந்திகிராமத்தில் படித்தாய்? அப்போது கைக்கு அடக்கமாக இருந்தது, இப்போது சுடுகிறதா? மனசுக்குள்ளே உன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு பேப்பரில் ஒரு வார்த்தை எழுதினால் அவர் கோபித்துக்கொள்வாரா? நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் குடத்தோடு வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாரே, அதற்கு மட்டும் கோபம் வராதா? இதற்கு உன் பாஸ்டரிடம் பதில் கேட்டு வை.

நேற்று உன் மதினி பெயரில் மனுக் கொடுத்துவிட்டேன். வேறு வழி இல்லை. மைக்கைக் கண்டால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலை செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். செய். சபையில் இருபத்திரண்டு குடும்பம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரை ஒரு வார்த்தை சொல்லச் சொல். அதையாவது செய்.

கண்ணுசாமி


26 டிசம்பர் 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து நாளாகக் காலையும் மாலையும் ஒன்றாகத் தெருத்தெருவாகப் போகிறோம். நீங்கள் என்னோடு பேசவில்லை. மதினி வழியாக, "அவகிட்டச் சொல்லு, நோட்டீஸ் தீரப்போகுது" என்கிறீர்கள். சரி, நானும் எழுதியே சொல்கிறேன்.

உங்கள் கேள்வியைப் பாஸ்டர் அசோக்குமாரிடம் அப்படியே கேட்டேன். அவருக்கு நான் இந்த வேலைக்குப் போவதே பிடிக்கவில்லை. "அது சேறு சிஸ்டர். எறங்குனா ஒட்டாம வர முடியாது" என்றார். "பாஸ்டர், காலனிக் குழாயடியும் சேறுதான். சபைக்காரங்க எல்லாம் அதுலதான் நிக்கிறாங்க" என்றேன். கையிலிருந்த பைபிளை மூடி வைத்தார். பிறகு, "சபைக்குள்ள ஓட்டுப் பேச்சு வரக்கூடாது, அதை மட்டும் எனக்கு வாக்குக் கொடுங்க" என்றார். நானும் அதைக் கேட்கத்தான் போயிருந்தேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவர் எதுவும் சொல்ல மாட்டார், அண்ணா. ஜெபிக்க வருகிறவர்களை மொத்தமாகக் கட்டி உங்கள் குட்டியானை வண்டியில் பூ மூட்டை மாதிரி ஏற்றி அனுப்ப எனக்கு உரிமை இல்லை. அந்த இருபத்திரண்டு வீட்டுக்கும் மற்ற வீடுகளுக்குப் போவது போலவே போய்க் கும்பிட்டுக் கேட்டேன். போடுவது அவர்கள் இஷ்டம்.

சான்றிதழைப் பற்றி நீங்கள் எழுதியது சரிதான். படித்தபோது நான் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அதனால் அது பொய் இல்லை. ஆனால் அதன் பிறகு ஆறு வருடம் அதை மாற்றாமல் பெட்டிக்குள் வைத்திருந்தேனே, அது என்ன? எதற்காவது உதவும் என்றுதான் வைத்திருந்தேன். நீங்கள் கேட்ட பிறகுதான் அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். போன வாரம் தாலுகா அலுவலகத்தில் எனக்கும் மகள் நான்சிக்கும் மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டேன். நான்சி ஒன்பதாவது படிக்கிறாள், இனி அவளுக்குக் கிடைக்கிற சலுகைகள் குறையும். "பிள்ளைக்கும் சேத்துத்தான் விடுறோம், நல்லா யோசிச்சுக்க" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு அவரே வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். உங்கள் கோபத்தினால்தான் இது நடந்தது. நன்றி அண்ணா. நிஜமாகவே சொல்கிறேன்.

காளியம்மன் கோயிலில் பிரசாரத்தைத் தொடங்கிய அன்று நான் உள்ளே வராமல் வெளியே செருப்புகளுக்குக் காவலாக நின்றதில் உங்களுக்கு வருத்தம் என்று மதினி சொன்னாள். உங்கள் சாமியை அவமதிக்க நிற்கவில்லை. குங்குமம் வைக்க வந்தவர்களிடம் மதினியே, "அவளுக்கு வேணாம், அவ வேற மாதிரி கும்பிடுவா" என்று சொல்லி என் நெற்றியை விட்டுவிட்டுப் போகச் செய்தாள். எனக்கு அது போதும்.

சூடம் ஏற்றி ஓட்டுக்குச் சத்தியம் வாங்குவதை நிறுத்தியதற்கும் நன்றி. நான் கேட்டதற்காக இல்லை, ஆள் பற்றாமல் நிறுத்தினீர்கள் என்று தெரியும். இருந்தாலும் நன்றி.

அங்கம்மாள் வீட்டுக்கும் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தாள். "ஏத்தா, நான் கேட்டா நிக்கிறேன்? பேரக் குடுத்துட்டு வந்துதான் எங்கிட்டயே சொன்னாக. எனக்கும் ஒரு ஓட்டு இருக்குல்ல, அத யாருக்கும் சொல்லாமப் போட்டுக்கிறேன்" என்றாள். மேடையில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் தப்பாகப் பேச வேண்டாம்.

பிரிஸ்கில்லா


5 ஜனவரி 2020

பவித்ராவுக்கு,

நீயும் எண்ணுகிற இடத்துக்கு வெளியேதான் நின்றாய். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும் போல இருக்கிறது. நாற்பத்து மூன்று ஓட்டில் ஜெயித்தோம். நம் பூட்டு சாவி சின்னம் ஜெயித்துவிட்டது. நம் காலனியிலிருந்து ஒருத்தி தலைவர். மேலத்தோட்டத்துக்காரர் உதவி இல்லாமல், அவரைக் கேட்காமல். அப்பா இருந்திருந்தால் மாலையோடு ஊரைச் சுற்றி வந்திருப்பார்.

மேலத்தெருவில் நமக்கு விழாது என்று நினைத்த பூத்திலும் முப்பத்தொரு ஓட்டு விழுந்திருக்கிறது. நெசவுக்குப் போகிற வீட்டுப் பெண்கள் போட்டிருக்கிறார்கள். "ஒங்க தங்கச்சி நோட்டீஸ்ல பொய் வாக்குறுதி ஒண்ணும் இல்லைங்க" என்று ஒரு அம்மா என்னிடமே சொன்னது. நான் எழுதச் சொன்ன மூன்றை நீ அடித்துவிட்டாயே, அதைத்தான் சொல்கிறது. அன்றைக்கு உன்னைத் திட்டினேன். வாபஸ்.

நாளைக்குப் பதவியேற்பு. பட்டுச் சேலையை எடுத்து வைத்துவிட்டு உன் மதினி இப்போதே பயப்படுகிறாள். பயப்படாதே, நீ கையெழுத்து மட்டும் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் இனி நிம்மதியாக உன் மில் வேலையைப் பார். நீ செய்தது பெரிய உதவி. மறக்க மாட்டேன்.

கறி எடுத்திருக்கிறோம். மாப்பிள்ளையையும் நான்சியையும் கூட்டிக்கொண்டு வா.

அண்ணன்
கண்ணுசாமி


27 ஜனவரி 2020

அன்புள்ள அண்ணனுக்கு,

மறுபடியும் குழாயடியில் கடிதம் கொடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. வந்தது என்னால்தான்.

நேற்று ஞாயிறு. ஆராதனை பாதியில் இருக்கும்போது எழுந்து கிராம சபைக்கு வந்தேன். பாஸ்டர் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்த்தால் தலைவர் நாற்காலியில் நீங்கள். மதினி கீழே பாயில் பெண்களோடு உட்கார்ந்து யாருடைய குழந்தையையோ மடியில் வைத்திருந்தாள். தீர்மான நோட்டு அவளிடம் வந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். கிளர்க் திருப்பிய பக்கத்திலெல்லாம் போட்டாள்.

நான் எழுந்து, "தலைவர் எங்க உக்காரணும்னு இந்தச் சபைக்குத் தெரியணும்" என்று கேட்டேன். நீங்கள், "அதான் இருக்கால்ல" என்றீர்கள். "இருக்காங்க அண்ணே, கீழ இருக்காங்க" என்றேன். மேலத்தெரு ஆட்கள் சிரித்தார்கள். உங்கள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள்.

அவர்கள் சிரிக்கும்படி ஆனதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு. ஆனால் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், அண்ணா. நான் அல்லாத ஒருத்தியாக மனுவில் நிற்கக் கூடாது என்றால், ஓட்டு விழாத ஒருவர் அந்த நாற்காலியில் இருக்கவும் கூடாது. மேலத்தோட்டத்துக்காரர் அங்கம்மாளை வைத்துச் செய்ய நினைத்ததை நாம் மதினியை வைத்துச் செய்கிறோம். என் விசுவாசம் ஒரு பேப்பரில் பெயர் எழுதுவதோடு முடிந்துவிட்டால் அது வெறும் வீம்பு.

நீங்கள் போன பிறகு மதினி எழுந்து அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "அடுத்த தீர்மானத்த யாராச்சும் சத்தமா வாசிங்க" என்றாள். அது மட்டும்தான் சொன்னாள்.

என்னை எப்போது வேண்டுமானாலும் திட்டுங்கள். மதினியைத் திட்டாதீர்கள்.

பிரிஸ்கில்லா


6 ஜனவரி 2021

பவித்ராவுக்கு,

ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. உன்னைத் தெருவில் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன். உன்னைப் பிரிஸ்கில்லா என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. எனக்கு நீ பவித்ராதான். அதை மட்டும் பொறுத்துக்கொள்.

நேற்று காலையில் நம் வாசலில் தண்ணீர் வந்தது. உன் வாசலிலும் வந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். எப்படி வந்தது என்று ஊரில் பல கதை சொல்கிறார்கள். நடந்தது நான் பார்த்தது. உனக்குத் தெரிய வேண்டும்.

அக்டோபரில் புதுக் குழாய்க்குத் தீர்மானம் போடக் கிளர்க் நோட்டோடு வீட்டுக்கு வந்தார். அதற்கு முந்தின நாள் மேலத்தோட்டத்துக்காரர் என்னைக் கூப்பிட்டு மரியாதையாக நாற்காலி போட்டார். முதல் தடவை, பவித்ரா. "குழாய் வேலைக்கு மண்ணு, ஜல்லி எல்லாம் ஒன் வண்டியிலயே ஓடட்டும், தீர்மானம் மட்டும் சட்டுனு முடிச்சிரு" என்றார். கொரோனாவில் பூ மார்க்கெட் மூடி ஐந்து மாதம் வண்டி சும்மா நின்றது உனக்குத் தெரியும். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

கிளர்க் நோட்டை விரித்தார். உன் மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி. நான், "கையெழுத்தப் போடு, அவருக்கு நேரமாகுதுல்ல" என்றேன். "வாசிச்சுட்டுத்தான் போடுவேன்" என்றாள். அரை மணி நேரம் ஆனது. டீ ஆறிப்போனது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். பிறகு கேட்டாள்.

"இதுல காலனின்னு எங்கய்யா இருக்கு?"

"மேலத்தோட்டம் வரைக்கும் இந்த வருசம்மா. காலனி அடுத்த வருச நிதியில வரும்."

"அப்பக் கையெழுத்தும் அடுத்த வருசம் வாங்கிக்கங்க."

நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கிளர்க் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கிராம சபையில் நீ கேட்காமல் இருந்திருந்தால் அந்த நாற்காலியில் நான்தான் இருந்திருப்பேன். படிக்காமல் போடச் சொல்லியிருப்பேன், அவளும் போட்டிருப்பாள். படித்திருந்தாலும் போடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. வண்டிக்கு லோடு கிடைக்கிறதே. இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். பத்து நாள் கழித்து, காலனியில் தொடங்கி மேலத்தோட்டத்தில் முடிகிற மாதிரி தீர்மானம் திரும்பி வந்தது. அவளே ஒன்றிய அலுவலகத்துக்கு நாலு நடை போனாள். மண் லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டது. போகட்டும்.

இன்னொன்று. செவ்வாய், வியாழன் சாயங்காலம் நீ வந்து அவளுக்கு அரசாணை எல்லாம் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். தெரியும். வண்டி சும்மா நின்ற மாதங்களிலும் அந்த இரண்டு நாளும் நான் வேலை இருப்பது போலக் கிளம்பிப் போய்க் குளத்துக்கரையில் உட்கார்ந்துவிட்டு, நீ கிளம்பியிருப்பாய் என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். பேசத்தான் முடியவில்லை.

அன்றைக்கு நீ மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஊருக்கு ஒரு நல்ல தலைவி கிடைத்திருப்பாள். வழக்குப் போட்டு இறக்காமல் இருந்திருந்தால். நீ போடாததால் என் வீட்டில் பதினெட்டு வருடமாக இருந்தவள் யார் என்று எனக்குத் தெரிந்தது. நன்றி, பவித்ரா. இந்த வார்த்தையை எழுதிவிட்டுப் பார்த்தால் சின்னதாக இருக்கிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அண்ணன்
கண்ணுசாமி


11 ஜனவரி 2021

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மதினி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "வாசி, நான் கேக்கணும்" என்றாள். வாசித்தேன். பதினெட்டு வருடம் என்ற இடம் வந்ததும், "அந்த மனுசன் இத எங்கிட்டச் சொன்னா என்னவாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவளிடமும் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தாலும் சரி, இப்போது அவள் நன்றாக வாசிப்பாள்.

எனக்கும் நன்றி சொல்ல நிறைய இருக்கிறது. நீங்கள் சாந்தமாகப் பேசியிருந்தால், நான் பொய் எழுதவில்லை என்ற நிம்மதியோடு கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்துக்கொண்டு இருந்திருப்பேன். அப்படி இருப்பதுதான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டும் இருந்திருப்பேன். பிள்ளைகள் குடத்தோடு நிற்பதைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் என்னைத் தெருவுக்கு இழுத்தது. என்னை விசுவாசியாக வைத்திருந்ததில் நம்பாத உங்களுக்கும் பங்கு இருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். கோபப்படாமல் கேளுங்கள். அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக எங்கள் சபையில் எப்போதும் ஜெபிப்பது உண்டு. யாருக்கென்று பெயர் இருந்ததில்லை. நேற்று பாஸ்டர் அசோக்குமார், "எங்கள் ஊராட்சித் தலைவர் கண்ணம்மாளுக்காக" என்று பெயர் சொல்லி ஜெபித்தார். அவள் நம்பிக்கை மாற வேண்டும் என்று இல்லை. பயமில்லாமல் நியாயம் செய்ய வேண்டும், உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று. சபை முழுவதும் ஆமென் சொன்னது. முன்பு சேறு என்று சொன்னவர், ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "அடுத்த கிராம சபை என்னைக்கு சிஸ்டர்? நம்ம தெரு லைட்டு விசயமா நானும் வாரேன்" என்றார்.

அவர் மதினி பெயரைச் சொல்லி முடித்து மூச்சு வாங்கியபோது நான் பின்வரிசையிலிருந்து சத்தமாக, "அவங்க வீட்டுக்காரர் கண்ணுசாமிக்காகவும்" என்று சேர்த்துவிட்டேன். எதற்காக என்று பாஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்தார். நன்றிக்காக என்று மட்டும் சொன்னேன்.

பொங்கலுக்கு நான் பொங்கல் வைக்க மாட்டேன், உங்களுக்குத் தெரியும். மறுநாள் மதியம் சாப்பாடு எங்கள் வீட்டில். அயிரை மீன் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் மதினியும் வாருங்கள். கடிதம் வேண்டாம், ஆறு வீடுதான், நடந்து வாருங்கள்.

உங்கள் தங்கை,
பவித்ரா என்கிற பிரிஸ்கில்லா